தொழில் கற்றதும் கிளம்பிவிடுகிறார்கள்: பட்டறையில் இளைஞர்களை நிலைக்க வைப்பது எப்படி?

கேள்வி: பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, தோட்டங்களுக்குப் பிரிந்து போகும் சாலையோரத்தில், என் தந்தையார் தொடங்கிய பழுதுபார்ப்புப் பட்டறையை நான் இப்போது நடத்தி வருகிறேன். சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் டிராக்டர்கள், குலை ஏற்றும் சிறுவண்டிகள், ஆலைகளிலிருந்து வரும் பம்புகள், கன்வேயர் சங்கிலிகள் ஆகியவற்றைச் சரிசெய்து தருவதுதான் எங்கள் தொழில். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுள் மூவர் தந்தையார் காலத்து ஆட்கள், மற்ற ஐவரும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். என் கவலை அந்த ஐவரைப் பற்றியது. சரியாகச் சொல்வதானால் அந்த ஐந்து இடங்களைப் பற்றியது, ஏனென்றால் அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்தவுடனோ, தொழிற்கல்லூரியில் படித்துவிட்டோ வருகிறார்கள். வரும்போது கிரைண்டரைப் பிடிக்கவே தயங்குகிற பையன், ஓராண்டுக்குள் வெல்டிங்கில் கை படிந்து, எந்த ஹைட்ராலிக் குழாய் எந்த வால்வுக்குப் போகிறது என்பதைத் தாளைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறான். அந்தச் சமயம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வருகிறது: அடுத்த மாதம் முதல் வரமாட்டானாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் உண்டு. ஜொகூரில் அறை எடுத்துத் தங்கிச் சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. அவர்களையாவது நான் புரிந்துகொள்கிறேன். ஈப்போவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனவனைத்தான் இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததற்கு முன்பிருந்தே நான் அதைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்து வருகிறேன். தீபாவளிக்குப் போனஸ் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்கிறோம். பட்டறையின் பெயர் பொறித்த சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரையும் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் நடத்துகிறேன். ஆனாலும் இருக்கிற காலத்திலேயே மனம் வேலையில் ஒட்டுவதில்லை. சொன்னதைச் செய்கிறார்கள், சொல்லாததைக் கண்ணால் பார்த்தாலும் தொடுவதில்லை. ஒரு போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தும் அது தன் வேலையில்லை என்று போய்விடுகிறார்கள். என் தந்தையாரிடம் இருந்தவர்கள் அப்படி இருந்ததில்லை.

பெரிய நிறுவனங்களைப் போல அள்ளிக் கொடுக்க என்னால் முடியாது. தோட்ட நிர்வாகங்கள் எங்கள் ரசீதுக்குப் பணம் தர மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்கின்றன என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே சம்பளத்தை மட்டும் உயர்த்தச் சொல்லாமல், வேறு என்ன செய்தால் ஓர் இளைஞன் மூன்று, நான்கு ஆண்டுகளாவது மனமொப்பி இருப்பான் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். இரண்டாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது செல்லுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: பழைய கிராணி, பாகான் டத்தோ

பட்டறைக்காரர் ஐயாவுக்கு வணக்கம். நான் தோட்ட அலுவலகத்திலும் பின்னர் ஆலை அலுவலகத்திலும் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியவற்றுள் ஒரு வாக்கியத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: "என் தந்தையாரிடம் இருந்தவர்கள் அப்படி இருந்ததில்லை." இந்த ஒப்பீட்டை நீங்கள் கைவிடாதவரை வேறு எந்த யோசனையும் உங்களுக்குப் பயன்படாது என்று நினைக்கிறேன்.

அந்தத் தலைமுறை ஏன் ஒரே இடத்தில் இருந்தது என்பதைச் சம்பளப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. வேலையை விட்டால் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும்; பிள்ளை அருகிலிருக்கும் தமிழ்ப்பள்ளியை விட வேண்டும்; கடைக்காரரிடம் இருக்கும் கணக்கை ஒரே தவணையில் தீர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போய், மூத்த மகன் களையெடுப்புக்குப் போய், மூன்று பேரின் கூலி சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் நகர்ந்தது. மழை பெய்து பால் வெட்ட முடியாத நாளில் அதுவும் குறைந்தது. அப்படிப்பட்டவர்கள் நாற்பது ஆண்டுகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்ததை நாம் விசுவாசம் என்று பெயரிட்டு வாழ்த்துரை வாசித்தோம். அவர்களில் எத்தனை பேர் வழி இருந்திருந்தால் முதல் வாரமே கிளம்பியிருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் தட்டச்சு செய்ததும் இந்தக் கைதான்.

உங்கள் பட்டறை தோட்டத்துக்குள் இல்லை என்றாலும், உங்கள் தந்தையாரிடம் வேலைக்கு வந்தவர்கள் அந்த உலகத்திலிருந்து வெளியே வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பட்டறை வேலை ஒரு விடுதலை. இன்று வருகிற பையன் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்தவன், கையில் லைசென்ஸும் கைப்பேசியும் இருக்கின்றன, பினாங்கில் எந்தத் தொழிற்சாலை எவ்வளவு கொடுக்கிறது என்பது இரவு பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே தெரிந்துவிடுகிறது. அவனைக் கட்டிவைத்திருப்பது எதுவுமில்லை. இது அவனுடைய குறை ஆகாது. அவனுடைய பெற்றோர் இதற்காகத்தானே அவனைப் படிக்க வைத்தார்கள்?

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்துக்கே பங்காளிகளானார்கள். பங்கு இருக்கிற இடத்தில் ஒட்டுதல் தானாக வரும் என்பதை அவர் அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தார். உங்கள் பட்டறையில் பங்கு கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அங்கே தன்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நடைமுறையாக ஒரு செய்தி. ஆலையில் வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டுப் படிவத்தில் எழுதுவோம். பெரும்பாலும் "குடும்பக் காரணம்" என்றுதான் எழுதுவார்கள். போகிறவன் எதற்குப் பகைத்துக்கொள்ள வேண்டும்? ஆகவே போகும்போது கேட்பது வீண். சேர்ந்த மூன்றாம் மாதமே தனியாக உட்கார வைத்து, எந்த வேலை பிடிக்கிறது, எது அலுக்கிறது, யாரிடம் பேசத் தயங்குகிறான் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் தொடருங்கள். கேட்டதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் சரிசெய்யுங்கள், இல்லையேல் கேட்காமலிருப்பதே மேல்.

பதில்: மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன், பத்து காவான்

அண்ணனுக்கு வணக்கம். நான் உங்களிடமிருந்து போனவர்களைப் போன்ற ஒருவன். பேராக்கில் ஒரு பட்டறையில் வேலை பழகிவிட்டு இப்போது பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பழைய பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் முதலாளி கெட்டவரும் அல்லர்.

இங்கே கிடைக்கும் அடிப்படைச் சம்பளம் அங்கே கிடைத்ததைவிட அதிகம்தான், ஆனால் அறை வாடகை, சாப்பாடு, மாதம் இருமுறை வீட்டுக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் கையில் மிஞ்சுவது பெரிதாக மாறிவிடவில்லை. என் அம்மா இன்றைக்கும் கேட்கிறார், இதற்காகவா போனாய் என்று. நான் போனதற்குக் காரணம் ஒரு லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்.

அந்தப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அந்த லேத்தில் வேலை கற்க வேண்டும் என்றுதான். ஓராண்டுக்கு மேலாகியும் அதன் பக்கத்தில் நின்று இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளியதைத் தவிர எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. கேட்டால் "பொறுமை வேண்டும் தம்பி" என்பார்கள். எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், அதற்குமுன் நான் எதைத் தேறிக் காட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடையில் முதலாளியின் பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது, வீட்டுக்கு எரிவாயுத் தோம்பு வாங்கிப் போடுவது, வாடிக்கையாளருக்குத் தே தாரே வாங்கி வருவது எல்லாம் என் தலையில்தான் விழுந்தன. நீங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்குச் சற்றுப் பயம். வீட்டுப் பிள்ளைக்கு ஓவர்டைம் எழுத மாட்டார்கள். வீட்டுப் பிள்ளையை வாடிக்கையாளர் முன்னால் திட்டலாம். வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரமுடியாது என்று சொன்னால் முகம் வாடும். நாங்கள் தொழிலாளியாக நடத்தப்படவே விரும்புகிறோம்.

இங்கே வந்த முதல் வாரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பராமரிப்புப் பிரிவின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. இடப்பக்கம் எங்கள் பெயர்கள், மேலே இயந்திரங்களின் பெயர்கள். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு சிறு வட்டம். பார்த்துப் பழகிக்கொண்டிருப்பவனுக்குக் கால் வட்டம் கறுப்பாகும்; ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்பவனுக்கு அரை வட்டம்; தனியாகச் செய்து முடிப்பவனுக்கு முக்கால்; அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி வந்தால் முழு வட்டம். எத்தனை முழு வட்டத்துக்கு எந்தப் படி, எந்தப் படிக்கு எவ்வளவு சம்பளம் என்பது பக்கத்திலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு மார்க்கர் பேனாவைத் தவிர வேறு செலவில்லை. என் பெயருக்கு நேரே ஒரு வட்டம் நிரம்பிய அன்று அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், கேமரன் மலையில் எடுத்த எந்தப் படத்தையும் நான் அப்படி அனுப்பியதில்லை.

தளர்ந்த போல்ட்டைத் தொடாமல் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொட்டு, ஏதேனும் உடைந்து, "உன்னை யார் கைவைக்கச் சொன்னது?" என்று ஒருமுறை கேட்கப்பட்டவன் அதற்குப்பின் எந்தப் போல்ட்டையும் தொடமாட்டான். உங்கள் பட்டறையில் அப்படி நடந்ததா என்பது எனக்குத் தெரியாது, விசாரித்துப் பாருங்கள்.

உணவு விநியோகத்துக்குப் போனவரைப் பற்றி: அவருக்கு அன்றன்றைய வருமானம் அன்றன்றே கண்ணுக்குத் தெரிகிறது, எப்போது ஓய்வெடுப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறார், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கத்துவதில்லை. மழையும் விபத்தும் அவர் கணக்கில் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

பதில்: தொழிற்பயிற்சி ஆசிரியை, கோலகங்சார்

மேலே எழுதிய தம்பியின் பலகையை நான் என் வகுப்பில் காட்டப் போகிறேன். பட்டறைக்காரர் அண்ணன் ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தார், அதிலிருந்து தொடங்குகிறேன்.

வேலையை விட்ட பிறகு வேறொரு பட்டறையில் சேரக்கூடாது என்று எழுதி வாங்குவது பயனற்றது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டை அந்த அளவுக்குச் செல்லாதது என்றே சொல்கிறது. நீங்கள் உண்மையிலேயே பணம் கட்டி ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகும்போது அந்தச் செலவில் நியாயமான பகுதியைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொள்ளலாம், அது வேறு. ஆனால் பட்டறையில் வேலை செய்தே கற்றுக்கொண்டதற்கு விலை போட முடியாது. சிலர் பையனின் அசல் சான்றிதழை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள், ஊருக்குள் பெயர் கெட ஒரு வாரம் போதும். வேலையை விடுவதற்கான முன்னறிவிப்பையே சரியாக எழுதிக்கொள்ளலாம். நியமனக் கடிதத்தில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், இரண்டாண்டுக்குக் குறைவான பணிக்காலத்துக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை ஆறு வாரம், அதற்குமேல் எட்டு வாரம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வகுத்திருக்கிறது, அது இரு தரப்புக்கும் பொது.

இனி, பையன்களைப் பிடித்துவைக்கும் சங்கதிக்கு வருகிறேன். உங்கள் பட்டறையில் ஓராண்டு வேலை செய்தவனிடம், அவன் தொழில் தெரிந்தவன் என்பதற்கு என்ன தாள் இருக்கிறது? எதுவும் இல்லை. ஆகவே தாள் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறான். திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று நிலைகளில் இருக்கிறது; அதற்குமேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று போகலாம். இதை வகுப்பறையில் உட்கார்ந்துதான் பெற வேண்டும் என்பதில்லை. அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.டி. என்ற முறை இருக்கிறது: செய்த வேலைகளின் படங்கள், பதிவுகள், முதலாளியின் உறுதிப்பாடு ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் நிரூபிக்க வேண்டும். உங்களிடமுள்ள மூத்தவர்களுக்கே இது மிகவும் பொருந்தும். புதியவர்களுக்கு எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறை ஏற்றது. அதில் பயிற்சியின் எழுபது முதல் எண்பது விழுக்காடு வரை வேலையிடத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் நடக்கும்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். மனிதவள மேம்பாட்டு நிதிக்கு, பத்து மலேசியத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டாயமாக லெவி எனும் பங்குத்தொகை கட்ட வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். உங்கள் எட்டுப் பேரும் உள்நாட்டவர் என்றால் இந்த இரண்டாவது வகையில் வருவீர்கள். சேர்ந்தால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்குக் கோரிப் பெறலாம்.

சம்பளத்தை உயர்த்தச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். சரி, ஆனால் கொடுக்கிற சம்பளத்தைத் தெளிவாகக் கொடுங்கள். என்னிடம் வரும் மாணவர்களின் புகார்களில் பாதி தொகையைப் பற்றியது அல்ல, கணக்கைப் பற்றியது. மாதம் 2,080 ரிங்கிட் வாங்குகிறவருக்கு அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 80. நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 10. ஆகவே சாதாரண வேலை நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, மணிக்கு 15 ரிங்கிட். இதை வரிவரியாகச் சம்பளச் சீட்டில் போடுங்கள். 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 187 ரிங்கிட்டும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சிறு தொகையும் பிடித்தபின் கையில் ஏறத்தாழ 1,500தான் வருகிறது. சேமநிதிக்கு நீங்கள் உங்கள் பங்காக 221 ரிங்கிட் போடுகிறீர்கள் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது. சீட்டில் அதையும் காட்டுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். தோட்டத்திலிருந்து பணம் வரவில்லை என்பது அதற்கு விலக்காகாது.

இன்னொன்று. 2023 ஜனவரியிலிருந்து, வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கும் உரிமையும் அதிலிருந்து வந்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் எழுத வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மாலை வகுப்புக்குப் போக விரும்பும் பையனுக்கு வாரம் இருமுறை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதித்துப் பாருங்கள். படிப்பு முடியும்வரை அவன் பெரும்பாலும் எங்கும் போகமாட்டான்.

பதில்: குலை லாரி, பீடோர்

எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஆறு லாரியை வைத்துக்கொண்டு குலை ஏற்றும் எனக்கு இவற்றில் பாதி ஒத்துவரவில்லை. சரக்கு லாரி ஓட்டும் ஜி.டி.எல். உரிமத்துக்கு நானே பணம் கட்டி அனுப்பியவர்கள், உரிமம் கையில் வந்ததும் பொட்டலம் விநியோகிக்கும் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறார்கள். தாள் கொடுத்தால் நிலைப்பான் என்று ஆசிரியை சொல்வது எல்லா இடத்திலும் நடப்பதில்லை; தாள் கிடைத்ததால்தான் போகிறான்.

எனக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்று. முன்பு எந்த டிரைவர் எந்த லாரியை எடுப்பது என்பது காலையில் வருகிற வரிசையைப் பொறுத்திருந்தது. இப்போது ஒருவருக்கு ஒரு லாரி. அவர் விடுப்பில் இருந்தால்தான் மற்றவர் தொடலாம். டயர் எப்போது மாற்றுவது, பிரேக்கை எப்போது பார்ப்பது என்பதை அவர் சொல்வார், நான் கேட்பேன். மகசூல் மிகுந்த மாதங்களில் ஆலை வாசலில் இரவு வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்திலும் முணுமுணுக்காமல் நிற்பவர்கள் தன் லாரி என்று நினைக்கிறவர்கள்தாம். லாரியைத் துடைத்துப் பிள்ளையார் படமும் மாலையும் மாட்டிவிட்டான் என்றால் இன்னும் சில காலம் இருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மற்றபடி, இருபது வயதில் ஊரைவிட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை எந்த முதலாளியாலும் தீர்த்துவைக்க முடியாது. போகிறவனை முகம் சுளிக்காமல் அனுப்புங்கள். என்னிடமிருந்து சிங்கப்பூருக்குப் போன ஒருவர் திருமணத்துக்குப் பிறகு திரும்பிவந்து இப்போது மற்ற டிரைவர்களை மேய்க்கிறார்.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கிராணி ஐயா சொன்னதை என் மூத்த தொழிலாளர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "வேறு பட்டறை இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்" என்றார். இத்தனை காலம் இந்த மனிதரைக் காட்டித்தான் இளையவர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்த யோசனையை விட்டுவிட்டேன். சம்பளச் சீட்டை ஆசிரியை சொன்னபடி விரித்து எழுதும்படி கணக்கெழுதும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன், அரை விழுக்காட்டு லெவியைப் பற்றியும் விசாரித்து வருகிறோம். குலை லாரிக்காரர் சொன்னதைப் பட்டறைக்கு ஏற்ப மாற்றி, ஒவ்வொரு தோட்டத்தின் வண்டிகளையும் ஒவ்வோர் இளைஞர் பொறுப்பில் விடலாம் என்று தோன்றுகிறது: அந்தத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் அவரே பேசுவார், என்ன பழுது, எப்போது முடியும் என்று அவரே சொல்வார். வாடிக்கையாளர்கள் இதை ஏற்பார்களா என்பதில்தான் சற்றுத் தயக்கம். தோட்டத்து மேலாளர்கள் முதலாளியிடம் பேசித்தான் பழக்கப்பட்டவர்கள்.

பத்து காவான் தம்பியின் பலகைதான் எனக்கு மிகவும் பிடித்தது, சிக்கலும் அதில்தான். எங்கள் லேத் இயந்திரத்தை என் தந்தையார் காலத்திலிருந்து ஒரே பெரியவர்தான் இயக்கி வருகிறார். அவர் யாரையும் அருகில் விடமாட்டார். கேட்டால், பையன்கள் கையை வெட்டிக்கொள்வார்கள் என்கிறார். உண்மையான காரணம் அதுவாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அவரைப் புண்படுத்தாமல் இதை எப்படித் தொடங்குவது?

பதில்: மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன், பத்து காவான்

அண்ணன், அந்தப் பெரியவரின் பயம் நியாயமானது. தனக்குத் தெரிந்ததை ஓர் இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், குறைந்த சம்பளத்துக்கு அவன் கிடைத்தபின் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று அவர் நினைக்கலாம். எங்கள் பழைய பட்டறையிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே பையனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரைப் பற்றிப் பேசுங்கள். அவருடைய வேலையும் சம்பளமும் குறையாது என்பதைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். சொல்லிக்கொடுக்கும் காலத்துக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள். பலகையில் முழு வட்டம் முதலில் அவர் பெயருக்கு நேரே விழட்டும். ஆசிரியை சொன்ன பி.பி.டி. முறையில் அவருக்கு முதலில் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கையை வெட்டிக்கொள்வார்கள் என்று அவர் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள், லேத்தில் அது நடக்கக்கூடியதுதான். ஆகவே விதிகளை அவரே எழுதட்டும். கையுறை போட்டுக்கொண்டும் முழுக்கைச் சட்டையோடும் இயந்திரத்தை நெருங்கக் கூடாது, பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் சாவியை மாட்டிவைத்துவிட்டுக் கையை எடுக்கக் கூடாது, சுழலும்போது இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லி எழுதி ஒட்டுங்கள். முதல் மாதங்களில் வாடிக்கையாளரின் பொருளைத் தொட வேண்டியதில்லை. கழித்துப் போட்ட பழைய தண்டில் வெட்டிய துண்டைக் கொடுத்து, முகத்தைச் சமப்படுத்தவும் ஒரு சாதாரணப் புஷ் (நடுவில் துளையுள்ள உருளைத் துண்டு) கடையவும் விடலாம்; அளவை அவர் வெர்னியர் அளவுகோலால் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு அடுத்தது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், இல்லையேல் அவசர வேலை வந்து எல்லா வாரமும் அதை விழுங்கிவிடும்.

அந்த ஐவரில் யார் முதலில் லேத்துக்குப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், அதைப் பெரியவரிடமே விட்டுவிடுங்கள்.